உன் நிச்சயத்து உப்பு

அன்புக் கண்ணுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம் என்று ஆரம்பித்தால் நீ நம்ப மாட்டாய். நான் நலம் என்று சொன்ன பொய்களை நிறையக் கேட்டவன் நீ. அதனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ளபடியே ஆரம்பிக்கிறேன்: என் ரத்தத்தில் சோடியம் நூற்று முப்பத்தெட்டு. போன மாதம் பார்த்தது. பரீட்சையில் இவ்வளவு மார்க்கு நான் வாங்கியதே இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். இந்த வயதில் ஒரு பாடத்தில் பாஸ் ஆகியிருக்கிறேன், அதற்காகவாவது சந்தோஷப்படு.

அடுத்த வாரம் நீயும் மருமகளும் ஓசூருக்குக் குடி போகிறீர்கள். போவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல நாலு மாதமாக வாயைத் திறக்கிறேன், வேறு ஏதாவது கேலிதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதியதை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். டைப் அடித்து, நீ ஊரே பார்க்கும்படி எங்கே எழுதி வைத்தாயோ அதே இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ வெளிப்படையாக எழுதியதற்கு நான் ரகசியமாகப் பதில் எழுதினால் கணக்கு சரியாகாது. அவள் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம் என்னை வைத வசவை உன் அம்மாகூட வைததில்லை. நல்ல பெண்ணாகப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்ததும் நீ கோபத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவாய். உன் நிச்சயத்துக்கு மூன்று வாரம் முன்னால் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி கணபதி கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றுக்குப் போகவைக்கிற மாத்திரை. உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கல்யாணப் படத்தில் தொப்பை தெரியக் கூடாது என்று எனக்கு ஒரு ஆசை, உன்னிடம் சொல்லவில்லை. உப்பை அடியோடு நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்தால் இளைக்கலாம் என்று யாரோ செல்போனில் அனுப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, என் மோட்டார் ஒர்க் ஷாப்பில் ஒரு கேன் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவேன். உன் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாட்டுக்குக் காட்டுனாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கும், இத எப்பிடித் திங்கறீங்க?" என்றாள். "மாட்டுக்குக் கல்யாண போட்டோ எடுக்கறதில்லையே" என்றேன்.

பல்லடத்தில் பெண் வீட்டில் நிச்சயம். நம் பக்கத்து வழக்கப்படி இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து உப்பும் சக்கரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அது மாறினால்தான் சம்பந்தம் உறுதி. தாம்பூலத் தட்டை நீட்டிய சம்பந்தியைப் பார்த்து நான், "இது எத்தனை எச்.பி. மோட்டாருங்க?" என்று கேட்டேனாம். சபை சிரித்தது. அவர் அக்காவிடம் ஒரு வெற்றிலையை நீட்டி, "சூலூருக்கு ஒரு டிக்கெட் கொடுங்க" என்றேனாம். இன்னும் சிரித்தார்கள். உன் சுப்பு மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. ஆயுசு முழுக்க ஊரைக் கிண்டல் செய்தவனுக்குப் புத்தி தடுமாறினால் யாருக்குத் தெரியும்? கை தட்டுவார்கள். நீ மட்டும் எழுந்து வந்தாய். மாப்பிள்ளை சபையிலிருந்து எழக் கூடாது என்று யாரோ சொன்னதற்கு நீ சொன்ன பதிலை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எங்கப்பா கிண்டல் பண்ணுனா, எதுத்தாப்புல இருக்கறவங்க சிரிச்சாங்களான்னு ஓரக்கண்ணுல பாப்பாருங்க. இன்னைக்குப் பாக்கல. வண்டிய எடுங்க."

கண்ணு, என்னை அந்த அளவுக்கு ஒருவன் கவனித்து வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து உன்னைக் கேலி செய்தே வளர்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்தால், ரோட்டுக்கு அடிபட்டதா என்று கேட்டேன். முதல் முறை நீ மீசை வைத்தபோது, மூக்குக்குக் கீழே கிரீஸ் ஒட்டியிருக்கிறது, துடை என்றேன். உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் என் ஓரக்கண் எங்கே போகிறது என்று பார்த்து வைத்திருந்தாய் பார், அதுதான் அன்றைக்கு என்னை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது. ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், நூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டுமாம்; எனக்கு நூற்று ஒன்பதில் இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது. நூற்றுப் பதினாலு. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. நான் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன் என்று தெரிந்ததும் என் பாஷையிலேயே சொன்னார். "மூளையில ஓடற நரம்பும் நீங்க சுத்தற காயில் கம்பி மாதிரிதாங்க. மேல ஒரு உறை இருக்கும். உப்புக் குறைஞ்ச தண்ணியில மூளை பல நாளா ஊறிப் பழகிடுச்சு. இப்ப உப்ப மளமளன்னு ஏத்தினா, மூளையில இருக்கற தண்ணி வேகமா வெளிய வரும். அந்த அதிர்ச்சியில உறை உரிஞ்சு போகும்."

"கம்பி நல்லாருக்கும், மேல இருக்கற எனாமல் போயிருமுங்களா சார்?"

"அதேதான். அபூர்வமா வர்றதுதான். ஆனா வந்துட்டா பேச்சுப் போகும், முழுங்க முடியாது, கை கால் விழுந்துடும். சில பேரு கண்ணு மட்டும் முழிச்சிட்டு அசையாம கெடப்பாங்க. அதனால ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்கு மேல ஏத்த மாட்டோம். அவசரப்படாதீங்க."

நான் தலையாட்டினேன். எனாமல் போன கம்பி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்றோடொன்று ஒட்டி, மோட்டார் புகைந்துவிடும். நீ காலேஜில் படித்த காலத்தில் கிணற்றில் முங்கிப்போன ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் மெதுவாகக் காய வைத்திருக்க வேண்டும். பயிர் காய்கிறது என்று அந்த விவசாயி நின்றார், நானும் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு லைன் கொடுத்தேன். காயில் எரிந்தது. வோல்டேஜ் சரியில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ அன்றைக்குக் கேட்டாய், "ஏனுங்கப்பா, கரண்டு மேல பழியப் போட்டுட்டீங்க?" கரண்டு வந்து கேட்கவா போகிறது என்றேன். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

டாக்டர் போனதும் நான் விரலை விட்டு எண்ணினேன். உன் கல்யாணத்துக்குப் பதினொரு நாள். ஒரு நாளைக்கு எட்டு என்று சொன்னாலும் இவர்கள் ஐந்துதான் ஏற்றுகிறார்கள். அப்புறம் நடை, அப்புறம் திரும்ப டெஸ்ட். பந்தக்கால் போடுகிற அன்றைக்கு அப்பன் படுக்கையில் கிடப்பதா? நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்த நேரம் சுப்பு மாமா வந்தான். நிச்சயத்தில் மாற்றிய உப்புச் சக்கரைப் பை அவன் காரிலேயே கிடந்தது.

"மாப்ள, அந்த உப்புப் பொட்டலத்த எடுத்துட்டு வா. அப்பிடியே ஒரு கொய்யாப்பழமும்."

"டாக்டரக் கேட்டீங்களா மாமா?"

"உப்புக் கொறஞ்சிருக்குதுன்னு சொன்னதே டாக்டருதான? கொறஞ்சதப் போடறதுக்குப் பெர்மிசன் வேற வாங்கோணுமா?"

"அதுவும் சரிதானுங்க மாமா." நம் குடும்பத்தில் சுப்புவைப் போல எதையும் உடனே ஒப்புக்கொள்கிற ஆள் கிடையாது. அதனால்தான் அவனிடம் கேட்டேன்.

ஒரு கொய்யாப்பழம், அதற்கு மூன்று ஸ்பூன் உப்பு. பழம் தீர்ந்தபிறகும் காகிதத்தில் சிந்தியிருந்த உப்பை விரலால் தொட்டு நக்கினேன். உன் மாமனார் வீட்டு உப்பு, சம்பந்தம் உறுதியாகட்டும் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. பழைய மாத்திரையை ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்ததால், உடம்பில் தேங்கியிருந்த தண்ணீரும் ஒன்றுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. அதுவும் உப்பைத் தூக்கிவிடும் என்று பின்னால்தான் தெரிந்தது. மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். நூற்று இருபத்தொன்பது. ஒரே நாளில் பதினைந்து.

அப்போது ட்யூட்டியில் இருந்தது ஸ்டெல்லா சிஸ்டர். நீ வராண்டாவில் நின்று போட்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. "ட்ரிப்ப வேகமா ஓட விட்டுட்டு எங்க போயிருந்தீங்க? எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சும்மா விடமாட்டேன்!" உன் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்ததில்லை, பயத்தில். அந்தப் பெண், "சார், நான் அளவு மாத்தல, சார்ட் இருக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நீ சார்ட்டைப் பார்க்கவில்லை. கதவு வழியாக அது என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். அங்கே பல்லிகூட இல்லை, கண்ணு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத சுவரை அவ்வளவு நேரம் பார்த்தேன்.

நீ டாக்டரைத் தேடிப் போனதும் அது உள்ளே வந்தது. கண் கலங்கியிருந்தது, கை வேலையை விடவில்லை. "தாத்தா, நான் எழுதி வெச்ச அளவு சரியா இருக்குது. நீங்க வேற என்னமோ சாப்ட்டிருக்கீங்க. சொல்லுங்க. திட்டறதுக்கு நேரம் இல்ல, சொல்லுங்க."

"இன்னும் பையனுக்குக் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள தாத்தாங்கறயே அம்மணி" என்றேன்.

அது சிரிக்கவில்லை. நான் தலையணையைத் தூக்கிக் காட்டினேன். பொட்டலத்தைப் பார்த்ததும் ஓடிற்று. ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்தார், ட்ரிப் மாறியது, சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள், ஒன்றுக்கு நிற்க ஊசி போட்டார்கள். ஏறின உப்பைத் திரும்பக் கீழே இறக்கினார்கள். ஒரு நாளுக்குள் கண்டுபிடித்ததால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனாலும் ஒரு வாரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். உன்னிடம் உப்பு விஷயத்தைச் சொல்லக் கிளம்பியவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நானே சொல்றனுங்க சார். என்ற பையன், நானே சொல்லிக்கறேன்." அவர் பேஷண்ட்டின் இஷ்டம் என்று விட்டுவிட்டார். ஸ்டெல்லாவும் பக்கத்தில் நின்று கேட்டது.

அந்த ஒரு வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். கை கால் போனால்கூட உட்கார்ந்து உங்களையெல்லாம் நையாண்டி செய்துகொண்டிருக்கலாம். பேச்சுப் போய்விட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? இரண்டு மணிக்கு ஒரு தரம் ஸ்டெல்லா வந்து கையைத் தூக்கச் சொல்லும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லும், பிறகு பேசச் சொல்லும். என்ன பேச என்று கேட்டேன். "எங்க வீட்டுக்குப் போற பஸ் ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க" என்றது. அது சூலூர்ப் பெண். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பிரிவு, சூலூர். நான் கண்டக்டர் மாதிரி விசில் அடித்துச் சொல்வேன். பக்கத்துக் கட்டில்காரர் இறங்க வேண்டும் என்று கை தூக்குவார். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் அதன் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாலாம் நாள் மத்தியானம் சிங்காநல்லூர் வந்தது. ஒண்டிப்புதூர் வரவில்லை. நாக்கு தடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லை. என் ஓரக்கண்ணைப் பார்த்தாய். ஸ்கேனில் மூளைத்தண்டின் நடுவில் சின்னதாக ஒரு தடம் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ அதை எழுதினாய். நெட்டில் ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்கிறதே, அது. ஒரே ஒரு ஸ்டார். 'ஸ்டெல்லா என்ற நர்ஸின் அலட்சியத்தால் என் அப்பா பேச்சை இழந்தார்.'

உன் அப்பா பேச்சை இழக்கவில்லை, கண்ணு. திரும்பக் கொண்டுவந்தது அந்தப் பெண். குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி கெட்டியான கூழை ஸ்பூனில் கொடுத்து, தலையைக் குனிந்து விழுங்கக் கற்றுக்கொடுத்தது. ஒண்டி என்று ஒரு நாள், புதூர் என்று இன்னொரு நாள். நீ முறைத்துக்கொண்டு நிற்பாய், அது உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் நாக்கைப் பார்க்கும். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைச் சக்கர நாற்காலியில் அனுப்பி வைத்தார்கள். மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கையை மட்டும் கூப்பினேன். "மாப்பிள்ளைக்கு அப்பா நெம்ப மரியாதப்பட்ட மனுசருங்க, ஒரு வார்த்த அதிகமாப் பேசல" என்று உன் மாமனார் ஊரெல்லாம் சொன்னாராம். பாவம், இப்போது நாக்கு திரும்பிவிட்டது, அவர்தான் வருத்தப்படுகிறார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அசதியாக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் வழுக்கும்.

இத்தனை நாளும் நான் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றேன், மறுவீடு முடியட்டும் என்றேன். உண்மையில் நீ எனக்காக அவ்வளவு கோபப்பட்டது எனக்குள் இனித்தது. என் பையன் எனக்காகச் சண்டை போட்டான் என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதற்கு விலை கொடுத்தது இன்னொரு வீட்டுப் பெண் என்பதைப் பார்க்காமல், திரும்பவும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் டெஸ்ட்டுக்குப் போனபோது ரத்தம் எடுத்தது ஸ்டெல்லாதான். "என்ன அம்மணி, வார்ட விட்டுட்டு இங்க வந்துட்ட?" என்றேன். மாத்திட்டாங்க தாத்தா என்று சொல்லிவிட்டு ஊசியைத் தேடிற்று. பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸ்தான் சொன்னது: வார்டு இன்சார்ஜாகப் போட இருந்தார்கள், நெட்டில் கம்ப்ளெயிண்ட் இருக்கிறது என்று மேலே நிறுத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பழைய சார்ட்டை எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமே அம்மணி, இந்தக் கெழவன் உப்பத் தின்னு போட்டான்னு?"

அது பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டது. "நானே சொல்றேன்னு சொன்னீங்கல்ல தாத்தா. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னது. குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் சொல்வது போலச் சொன்னது. நான் வெளியே வந்து, வீட்டுக்குப் போகிற கணபதி பஸ்ஸை மூன்று முறை தவறவிட்டேன்.

கண்ணு, உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீ என்மேல் வைத்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது மளமளவென்று ஏறிவிட்டது. அந்தச் சார்ட்டை நீட்டினபோது ஒரு நிமிடம் வாங்கிப் பார்த்திருந்தால் போதும். ஓசூரில் மருமகளோடு ஒரு பேச்சு வரும்போது, வராமல் இருக்காது, அவள் நீட்டுகிற சார்ட்டை வாங்கிப் பார். இந்தக் குணத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். ஈர மோட்டாருக்கு லைன் கொடுத்தவனின் பையன்தானே.

ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு நான் ஒரு காகிதம் எழுதிவிட்டேன். எழுத்துப் பிழை பதினேழு இருக்கிறது என்று மருமகள் சொன்னாள், திருத்த வேண்டாம் என்றேன். உப்பைத் தின்றவன் எழுதியதுதான் என்று நம்புவார்கள். நீ எழுதியதை நீயே எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, ஸ்டெல்லாவைப் பார்க்க நேரில் வர வேண்டும். என்ன சொல்வது என்று யோசிக்காதே, பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காகத்தானே அந்தப் பெண் எனக்கு நாக்கைத் திருப்பிக் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட். வண்டியை எடுத்துக்கொண்டு வா. நம் ஆட்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ள என்ன கொண்டுபோவார்களோ அதைக் கொண்டுபோவோம். வரும் வழியில் நல்ல சக்கரையாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கிக்கொள். உப்பு நீ வாங்க வேண்டாம். அந்தப் பொட்டலத்தில் மிச்சம் இருக்கிறது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உன் அப்பா